புனைமொழிக்குத் திசை வைப்பது எப்படி?

நான் பத்திரம் எழுதுகிறவன். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் 18 வருடமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிரையப் பத்திரத்தில் விற்கிறவர், வாங்குகிறவர், தொகை எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியில் சொத்து விவரம் வரும். "சுப்பையா நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, பொதுக்களத்துக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட புஞ்சை" என்று. மற்றதில் பிழை வந்தால் சமாளிக்கலாம். இதில் வந்தால் நிலமே இடம் மாறிவிடும்.

சாயங்காலங்களில் ஒரு புனைமொழி, அதாவது நானே கற்பனையில் உருவாக்குகிற மொழி, செய்துகொண்டிருக்கிறேன். பெயர் வரேனி. தங்கை மகளுக்குச் சொன்ன கதையில் ஒரு பள்ளத்தாக்கு வந்தது. "அந்த ஊர்க்காரங்க என்ன பாஷை பேசுவாங்க மாமா?" என்று கேட்டாள். அப்போது பிடித்த வேலை, ஏழு வருடம் ஆகிறது. வரேனியில் நான் அதிகம் உழைத்தது திசைச் சொற்களுக்குத்தான். சொந்தமாக மொழி செய்கிற நண்பர்கள் பலர் இந்த இடத்தைத்தான் அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள். அதனால் நான் செய்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் நானும் ஒரு நோட்டில் கோடு போட்டு, இடது, வலது, மேலே, கீழே, உள்ளே, வெளியே, பக்கத்தில், தூரத்தில் என்று 26 சொற்களை வரிசையாக எழுதி, எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு புது ஒலி வைத்தேன். ஒரு மாதம் கழித்து அதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதினால், பத்தும் தமிழ் வாக்கியமாகவே இருந்தன. ஒலி மட்டும் வேறு. அந்தப் பள்ளத்தாக்கின் வாசனை ஒரு சொல்லிலும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நிலத்திலிருந்து ஆரம்பித்தேன்.

சொல்லுக்கு முன்னால் நிலம்

தமிழில் கிழக்கு என்ற சொல்லுக்குள் "கீழ்" இருக்கிறது. மேற்குக்குள் "மேல்" இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கிச் சரிகிற மண்ணில் வாழ்ந்தவர்களின் சொற்கள் அவை. எங்கள் ஊரில் தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தாலே போதும், எது கீழ், எது மேல் என்று தெரிந்துவிடும். கீழப்பாவூர், மேலப்பாவூர் என்று ஊர்ப்பெயரிலேயே அந்தச் சரிவு இருக்கிறது.

இப்போது செங்கோட்டையில் பஸ் ஏறி ஆரியங்காவு வழியாகப் புனலூரில் போய் இறங்குங்கள். மலை முதுகுக்குப் பின்னால், கிழக்கே போய்விடும். கடல் மேற்கே வந்துவிடும். ஆனாலும் மலையாளத்தில் கிழக்குக்குப் பெயர் கிழக்குதான். குட்டநாட்டில் மலையிலிருந்து இறங்கி வருகிற வெள்ளத்தைக் "கிழக்கன் வெள்ளம்" என்கிறார்கள். உயரத்திலிருந்து வருகிற தண்ணீருக்குப் "கீழ்" ஒட்டிய பெயர்! மேற்குக்கு மட்டும் படிஞ்ஞாறு என்று வேறு சொல் நிலைத்துவிட்டது. படு, ஞாயிறு, சூரியன் விழுகிற இடம். கன்னடத்தில் கிழக்கு மூட, மேற்கு படுவ. ஒன்று எழுவது, ஒன்று விழுவது. அங்கே மலையை விட்டுச் சூரியனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்து மொழிகள், ஒரு மலைத்தொடரின் இரண்டு பக்கம், எத்தனை விதம் பாருங்கள்.

மற்ற இடங்களிலும் இதுதான் கதை. ஹவாயில் "மௌக்கா" என்றால் மலைப்பக்கம், "மக்காய்" என்றால் கடல்பக்கம். பாலித் தீவில் "கஜா" மலைப்பக்கம், "கெலோட்" கடல்பக்கம். மலை தீவின் நடுவில் இருப்பதால், தெற்கே தென்பசாரில் கஜா என்றால் வடக்கு, வடகரையில் இருக்கும் சிங்கராஜாவில் கஜா என்றால் தெற்கு. கலிபோர்னியாவில் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் இரண்டு பழங்குடிகளின் பெயர் காருக், யூரோக். இரண்டும் காருக் மொழிச் சொற்களிலிருந்து வந்தவை. முதலாவதற்கு ஆற்றின் மேல்புறம், இரண்டாவதற்குக் கீழ்புறம் என்று பொருள். மக்களின் பெயரே திசை ஆகிவிட்டது.

ஆகவே முதல் வேலை, வரைபடம். அழகாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது, மலை எந்தப் பக்கம், காற்று எப்போது எங்கிருந்து, வெயில் முதலில் எங்கே விழும், வீட்டு வாசல் எதைப் பார்த்து, இந்த ஐந்தையும் குறித்துவிடுங்கள். நம் பழைய சொற்களில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்றைச் சொன்னாலே திசை சொல்லியாயிற்று. உங்கள் மக்கள் கடலோடிகள் என்றால் காற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

என் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீண்டது. வட கோடியில் அருவி, தென் கோடியில் சதுப்பு, நடுவில் ஆறு. இரு கரையிலும் ஊர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலும் ஆற்றைப் பார்த்திருக்கும். இதற்கு நான்கே வேர்ச்சொற்கள் வைத்தேன். சோ, ஆறு வருகிற பக்கம். மூ, ஆறு போகிற பக்கம். லெ, தண்ணீர்ப் பக்கம். கா, மலைப்பக்கம். வீட்டுக்குள் உப்புச்சட்டி எங்கே என்றால் அடுப்புக்கு மூ என்பார்கள். குழந்தை படுக்கையில் காலை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்றால் லெ.

நான்குதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கன் மொழியில் முக்கியத் திசைகள் மூன்றே: ஒன்று கிழக்கு, இன்னொன்று ஏறக்குறைய வடமேற்கு, மற்றது ஏறக்குறைய தென்மேற்கு. அதைப் படித்த அன்றுதான் நான்கு என்ற எண்ணே ஒரு பழக்கம் என்று எனக்கு உறைத்தது.

உடம்பா, நிலமா?

அடுத்து, பேசுகிறவர் எதை மையமாக வைத்துப் பேசுகிறார் என்று முடிவு செய்ய வேண்டும். இடது, வலது என்றால் மையம் உடம்பு. நான் திரும்பினால் அதுவும் என்னோடு திரும்பும். வடக்கு, தெற்கு என்றால் மையம் நிலம். நான் எப்படிச் சுழன்றாலும் அது அசையாது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் வட பகுதியில், ஹோப்வேல் என்ற ஊரில் பேசப்படும் கூகு இமித்திர் மொழி இதற்குப் பேர் போனது. கங்காரு என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த மொழி. 1770-இல் கேப்டன் குக்கின் ஆட்கள் கப்பலைப் பழுதுபார்க்கக் கரையில் தங்கியபோது அங்கே கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. அந்த மொழியில் சின்னப் பொருளுக்கும் நான்கு திசைதான். மேசையில் ஒரு கோப்பையை நகர்த்தச் சொல்வதானாலும் வடக்கே, கிழக்கே என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் பேசுகிறவர்களின் மனதுக்குள் ஒரு திசைகாட்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் ஸ்டீபன் லெவின்சனும் ஜான் ஹாவிலாண்டும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது அதிசயமாகவே தெரியாது. எங்கள் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் வளர்ந்த அவர் பேரன் லீவுக்கு வந்திருந்தான்.

"ஏல, அந்தப் பெட்டிய கொஞ்சம் மேக்க நகத்தி வையி."

"மேக்கன்னா எந்தப் பக்கம் ஆச்சி?"

"மலை இருக்க பக்கம்லா!"

வீட்டுக்குள் நின்றால் மலை தெரியாது. நான்கு பக்கமும் சுவர். அத்தைக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

அன்றைக்கே ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். ஆராய்ச்சியாளர்கள் செய்கிற சோதனையின் வீட்டு வடிவம். மேசையில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு எலுமிச்சம்பழம், இடமிருந்து வலமாக. மேசை தெற்குச் சுவரை ஒட்டி இருந்தது. அதைப் பார்த்து நின்றால் டம்ளர் கிழக்கே, பழம் மேற்கே. "நல்லா பாத்துக்கிடுங்க" என்று சொல்லி மூன்றையும் எடுத்துவிட்டேன். பிறகு ஆளை அப்படியே முதுகுப்பக்கம் திருப்பி, எதிர்ச் சுவரை ஒட்டிய இன்னொரு மேசையில் அதேபோல அடுக்கச் சொன்னேன். பேரன் டம்ளரைத் தன் இடது கைப்பக்கம் வைத்தான். அதாவது மேற்கே. அத்தை டம்ளரைத் தன் வலது கைப்பக்கம் வைத்தார். அது கிழக்கு. இரண்டு பேரும் அடுத்தவர் தப்பாக வைத்துவிட்டதாகவே சொன்னார்கள். ஒரே வீடு, இரண்டு தலைமுறை, இரண்டு கணக்கு.

உங்கள் மக்களை இந்த இரண்டு மேசைக்கும் நடுவில் கற்பனையில் நிறுத்திப் பாருங்கள். அவர்கள் டம்ளரை எங்கே வைப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரேனிக்காரர்கள் அத்தை மாதிரி. அவர்களுக்கும் இரண்டு கைக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, சோறு உண்கிற கை, படகுத் துடுப்பைப் பிடிக்கிற கை என்று. ஆனால் அந்தப் பெயர்களைக் கைக்கு வெளியே பயன்படுத்த மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பொருளையே மையமாக வைப்பது. வீட்டுக்கு வாசல் இருப்பதால் "வீட்டுக்கு முன்னால்" என்றால் சந்தேகம் வராது. மரத்துக்கு ஏது முகம்? நாம் "மரத்துக்கு முன்னால்" என்றால் நமக்கும் மரத்துக்கும் இடையில் என்று பொருள். மரம் நம்மைப் பார்த்து நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் மரம் நம்மைப்போலவே அந்தப் பக்கம் பார்த்து நிற்பதாகக் கணக்கு. அதனால் மரத்தின் "முன்" நமக்கு அப்புறத்தில் இருக்கும். உங்கள் மொழியில் மரம் எந்தப் பக்கம் பார்க்கிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலே மொழிக்கு ஒரு தனிக்குணம் வந்துவிடும்.

எதை வைத்து எதை?

நான் தொழில் பழகிய முதல் வருடம். ஒரு பத்திரத்தில் கிழக்கு எல்லை பாதை என்று குறிப்பு இருந்தது. "பாதைக்குக் கிழக்கு" என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் நிலம் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். பாதை நிலத்துக்குக் கிழக்கே இருந்தால், நிலம் பாதைக்கு மேற்கு. ஒரே எழுத்துப் பிழைகூட இல்லாத வாக்கியம், நிலத்தைப் பாதையின் மறுபக்கம் தூக்கிப் போட்டுவிட்டது. பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டி வந்தது. அந்தக் குடும்பத்தின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இதை அருமையாகக் கையாண்டிருப்பார்கள். "கீழ்பாற்கெல்லை" என்று சொல்லிவிட்டு, இன்ன வாய்க்காலுக்கு "மேற்கும்" என்று முடிப்பார்கள். எல்லை எந்தப் பக்கம், நிலம் எந்தப் பக்கம், இரண்டும் அங்கேயே இருக்கும். நான்கையும் சொல்லி முடித்து "இவ்விசைத்த பெருநான்கெல்லை" என்று கட்டுவார்கள். கல்லில் வெட்டுகிறவன் தப்பு செய்ய இடமே வைக்கவில்லை.

மொழி செய்கிறவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. எந்த இடச்சொல்லிலும் இரண்டு பொருள் உண்டு. தேடப்படுவது ஒன்று, அடையாளமாக நிற்பது ஒன்று. வாக்கியத்தில் எது முதலில் வரும், அடையாளத்துக்கு என்ன உருபு ஒட்டும் என்று முதலிலேயே தீர்த்துவிடுங்கள். தமிழில் அடையாளத்துக்குக் "கு" ஒட்டும்: பாதைக்கு மேற்கு. வரேனியில் தேடப்படுவது முதலில், அடையாளம் அடுத்து, திசை கடைசியில். "இத்த பொரா மூனா" என்றால் வயல், வாதுமை மரம், ஆறு போகிற பக்கத்தில். மரத்துக்கு மூ பக்கம் வயல் இருக்கிறது என்று அர்த்தம். வரிசை மாறினால் மரம் வயலுக்கு மூ பக்கம் போய்விடும்.

இது, அது, உது

சுட்டுச் சொற்களில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். இ பக்கத்தில், அ தூரத்தில், உ இரண்டுக்கும் இடையில். தமிழ்நாட்டில் உ பேச்சிலிருந்து போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன், உங்கை என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. லொஜ்பான் என்ற புனைமொழியில் தி, தா, தூ என்று மூன்று சுட்டு வைத்திருக்கிறார்கள். பக்கம், சற்றுத் தள்ளி, வெகு தூரம். அதே இ, அ, உ! பொருள் வரிசை மட்டும் வேறு. முதன்முதல் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தூரம் மட்டுமே சுட்டுக்கு அளவுகோல் இல்லை. ஜப்பானிய மொழியில் "கொரே" என்னிடம் இருப்பது, "சொரே" உங்களிடம் இருப்பது, "அரே" இருவரிடமும் இல்லாதது. வேறு மொழிகளில் கண்ணுக்குத் தெரிவதா மறைந்திருப்பதா என்று பிரிக்கிறார்கள். உங்கள் மக்களுக்கு அன்றாடம் எது முக்கியம் என்று பாருங்கள். என் பள்ளத்தாக்கில் ஆறு ஆழமானது, பாலம் கிடையாது. எதிர்க்கரையில் நிற்கிற ஆடு கண்ணுக்கு எதிரே தெரியும், கைக்கு எட்டாது. அதைப் போய்ப் பிடிக்க அரை நாள் ஆகும். ஆகவே நி என்றால் இதோ, நோ என்றால் இக்கரையில் தள்ளி, நூ என்றால் அக்கரையில். தமிழ்ச் சொற்களான இக்கரை, அக்கரையிலிருந்து வந்த யோசனைதான். அப்புறம் நூ என்ற சொல்லுக்கு "தெரியும் ஆனால் கிடைக்காது" என்ற பொருளும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எட்டாத மாப்பிள்ளையையும் நூ என்பார்கள்.

தொட்டுக்கொண்டா, தொடாமலா?

"மேசைமேல் விளக்கு" என்றால் விளக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. "மேசைக்கு மேல் விளக்கு" என்றால் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. ஒரே ஒரு "கு" இந்த வேலையைச் செய்கிறது. நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. இந்த மாதிரி ஒரு நுணுக்கத்தையாவது உங்கள் மொழியில் வைத்துவிடுங்கள்.

கொரிய மொழியில் உள்ளே போடுவதா மேலே வைப்பதா என்பதைவிட, கச்சிதமாகப் பொருந்துகிறதா தொளதொளவென்று இருக்கிறதா என்பது முக்கியம். விரலில் மோதிரம் போடுவதும், உறைக்குள் கேசட்டைச் செருகுவதும் அங்கே ஒரே வினைச்சொல். மெக்சிகோவில் செல்தால் மாயா மொழியில் இடத்துக்கு என்று பொதுவாக ஒரே ஒரு முன்னிடைச் சொல்தான், "தா". மற்ற எல்லாப் பாரத்தையும் வினைச்சொற்கள் சுமக்கின்றன. கிண்ணம் போல அமர்ந்திருப்பதற்கு ஒன்று, உயரமான பானை போல நிற்பதற்கு ஒன்று, இப்படி நூற்றுக்கணக்கில். நம்மிடமும் அந்தச் சாயல் உண்டு. குடம் கவிழ்ந்து கிடக்கிறது, ஏணி சாய்ந்து நிற்கிறது, பாய் விரிந்து கிடக்கிறது. இதை எல்லாம் "இருக்கிறது" என்று சொன்னால் தமிழுக்கு உப்பு இல்லாமல் போய்விடும்.

சொல் எங்கிருந்து கிடைக்கும்?

வெறும் ஒலியை எடுத்து ஒட்டாதீர்கள். ஒவ்வொரு இடச்சொல்லுக்கும் ஒரு பழைய வாழ்க்கை கொடுங்கள். நன்னூலில் இடப்பொருள் உருபு என்று 28 சொற்கள் அடுக்கியிருக்கிறார் பவணந்தி. கண், கால், தலை, வாய் எல்லாம் அதில் இருக்கின்றன. உடம்பின் உறுப்புகள் இடச்சொல்லாகத் தேய்ந்த வரலாறு ஒரே சூத்திரத்தில்! கட்டிலுக்குத் தலைமாடு, கால்மாடு என்று நாம் இன்றும் சொல்கிறோம். மெக்சிகோவின் மிக்ஸ்டெக் மொழிகளிலும் தலை, வயிறு, கால் போன்ற சொற்களே மேல், உள், அடி என்று வேலை செய்கின்றன.

இன்னொரு சுரங்கம் வினைச்சொல். வீட்டிலிருந்து என்பதில் "இருந்து" என்ன செய்கிறது? இரு என்ற வினைதான் அது. கடலை நோக்கி, மலையைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, சுவரை ஒட்டி, எல்லாமே வினையெச்சங்கள். உங்கள் மொழியில் "பார்" என்பதற்கு ஒரு சொல் இருந்தால் "பக்கமாக" என்பதற்கும் அதிலிருந்தே ஒன்று கிடைத்துவிட்டது.

உடம்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் திசைக்குப் பெயர் தரும். சமஸ்கிருதத்தில் பூர்வம் முன், கிழக்கு. பச்சிமம் பின், மேற்கு. தட்சிணம் வலது, தெற்கு. சூரியனைப் பார்த்து நின்றவர்களின் சொற்கள். எபிரேயத்தில் "யாமீன்" வலது கை, அதுவே தெற்கும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதை எழுதிய டோல்கீன், தான் உருவாக்கிய குவென்யா மொழியில் இதைத் திருப்பிப் போட்டார். அவருடைய எல்ஃப் மக்கள் மேற்கைப் பார்த்து நிற்பவர்கள். அதனால் அங்கே வடக்கு வலக்கைப் பக்கம், தெற்கு இடக்கைப் பக்கம். திசைப் பெயரைப் பார்த்தே அந்த மக்களின் ஏக்கம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

உருபுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தது மூன்று வேண்டும்: இருக்கும் இடம், போகும் இடம், புறப்பட்ட இடம். ஃபின்னிஷ் மொழியில் இந்த மூன்றையும் உள்பக்கத்துக்கு ஒரு வரிசை, வெளிப்பக்கத்துக்கு ஒரு வரிசை என்று ஆறு வேற்றுமையாக வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியனில் உள்ளே, மேலே, அருகே என்று பிரித்து ஒன்பது. எஸ்பெரண்டோ என்ற புனைமொழியைச் செய்த சாமன்ஹோஃப் ஒரே ஒரு "ன்" வைத்துக் காரியத்தை முடித்தார். "என் லா தோமோ" வீட்டுக்குள், "என் லா தோமோன்" வீட்டுக்குள் நோக்கி. வரேனியில் னா, தி, ரு. நான்கு வேர், மூன்று உருபு, பன்னிரண்டு சொல். சோனா, சோதி, சோரு என்று போகும். 26 சொல் இருந்த அந்த நோட்டுப் பக்கத்தைவிட இது எனக்கு நிறைய வேலை செய்கிறது.

வா, போ இரண்டையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். போனில் "உன் வீட்டுக்கு வருகிறேன்" என்கிறோம், "போகிறேன்" என்பதில்லை. கேட்கிறவர் இருக்கிற இடமும் நமக்கு "வா". ஸ்பானிஷ்காரர் அங்கே "போகிறேன்" என்பார். உங்கள் மொழி யார் பக்கம்?

பழசாக்குங்கள்

இவ்வளவும் செய்தால் ஒரு சுத்தமான கட்டம் கிடைக்கும். உயிருள்ள மொழி அப்படி இருக்காது. அதைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எப்படித் தேய்ப்பது என்றால், அந்தச் சொற்கள் பொருந்தாத இடத்துக்கு மக்களைக் கொண்டுபோங்கள்.

ஆற்றின் நட்டநடுவில் படகு நிற்கிறது. இரண்டு பக்கமும் மலை. லெ எங்கே, கா எங்கே? ஒரு வாரம் இதையே யோசித்தேன். கடைசியில் வெயிலிடம் போனேன். காலை வெயில் முதலில் விழுவது மேற்குக் கரையில். அதற்குக் காலைக்கரை என்று பொருள்படும் ஒரு சொல், கிழக்குக் கரைக்கு மாலைக்கரை. இவை படகுக்காரர்களின் சொற்கள். ஊருக்குள் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்து, ஒரு கூட்டம் மலையைத் தாண்டி ஆறே இல்லாத மேட்டு நிலத்துக்குக் குடிபோகிறது. வாசலை மட்டும் பழக்கத்தில் ஒரே பக்கம் பார்த்து வைக்கிறார்கள். இரண்டு தலைமுறை கழித்து லெ என்றால் வாசல்பக்கம் என்று மட்டும்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். சோ என்ன ஆகும்? ஆற்றைப் பார்த்து நிற்கையில் அது எந்தக் கைப்பக்கம் இருந்ததோ அந்தக் கை ஆகும். இங்கேதான் எனக்கே தெரியாமல் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மேற்குக் கரைக்காரன் ஆற்றைப் பார்த்து நின்றால் வடக்கு அவனுக்கு இடது. கிழக்குக் கரைக்காரனுக்கு அதே வடக்கு வலது. அப்படியானால் மேட்டு நிலத்தில் காலைக்கரை வம்சத்துக்குச் சோ என்றால் இடது, மாலைக்கரை வம்சத்துக்குச் சோ என்றால் வலது. ஒரே சொல், பக்கத்துப் பக்கத்து வீடு, நேர் எதிரான பொருள். யார் யாருக்குப் பெண் கொடுத்தாலும் முதல் மாதம் பாத்திரம் உடையும். நான் உட்கார்ந்து கண்டுபிடித்தது எதுவும் இல்லை இதில். வரைபடத்தைச் சரியாகப் போட்டதால் அதுவே நடந்தது.

நேரமும் திசையைக் கடன் வாங்கும். தமிழில் முன்னோர் இறந்தவர்கள், "பின்னால் பார்க்கலாம்" என்றால் வருங்காலம். ஆண்டிஸ் மலையின் ஐமாரா மொழியிலும் கடந்த காலம் கண்முன்னே, வருங்காலம் முதுகுக்குப் பின்னே. சீன மொழியில் போன மாதம் மேல் மாதம், வருகிற மாதம் கீழ் மாதம். என் மக்களுக்கு எதுவும் ஆற்றோடு வர வேண்டும், ஆற்றோடு போக வேண்டும். நாளை சோவிலிருந்து வருகிறது, நேற்று மூவுக்குப் போய்விட்டது.

சோதித்துப் பார்க்க

கதையோ கவிதையோ எழுதிச் சோதிக்காதீர்கள். அவற்றில் தப்பித்துக்கொள்ள இடம் நிறைய. ஒருவருக்கு வழி சொல்லுங்கள். தொலைந்த ஆட்டைத் தேடச் சொல்லுங்கள். சமையலறையில் எதையாவது எடுத்து வரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த கடுமையான சோதனை, ஒரு பத்திரம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரேனியில் ஒரு வயலுக்குக் கிரையப் பத்திரம் எழுதினேன். மாலைக்கரையில் ஒரு படிக்கட்டு வயல். வாதுமை மரத்துக்கு மூ, கிழவியின் வாய்க்காலுக்குச் சோ, பாறைச் சுவருக்கு லெ, படகுத்துறைப் பாதைக்குக் கா. நான்கு வரி, ஒரு சொல்கூடத் தமிழிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. தங்கை மகளிடம் கொடுத்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தாளில் ஆற்றை வரைந்து, மரத்தை வைத்து, வாய்க்காலைக் கிழித்து, நான் மனதில் வைத்திருந்த இடத்திலேயே வயலை வரைந்தாள். வரைந்துவிட்டுக் கேட்டாள்: "மழைக்காலத்துல ஆறு ஊருக்குள்ள வந்துச்சுன்னா, லெ எங்க போகும் மாமா?"

அதற்குத்தான் இப்போது சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.